கல்யாணச் சேலையும் ரவிக்கையும்: சுங்கை சிப்புட் தையற்கடையிலிருந்து பதில்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் கல்யாண ரவிக்கை தைக்கத் தொடங்கி எனக்கு 28 வருஷம் ஆகிறது. தோட்டத்துப் பிள்ளைகள், தாமான் (வீடமைப்புப் பகுதி) பிள்ளைகள், சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டு கல்யாணத்துக்கு மட்டும் ஊர் திரும்பும் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் தைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குத் தயாராகிறவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஆவணியில் எனக்குக் கல்யாணம். எப்போது சேலை எடுக்க வேண்டும்? ஈப்போ போதுமா, கிள்ளான் வரை போகணுமா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, லிந்தாங்)

முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும்மா. ரவிக்கைக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் கைப்பூவேலை) வேண்டுமென்றால் அதற்கு மட்டும் மூன்று, நான்கு வாரம் ஒதுக்க வேண்டும். அப்புறம் தையல், முதல் பொருத்தம் (போட்டு அளவு சரிபார்ப்பது), திருத்தம், கடைசிப் பொருத்தம். இதற்கெல்லாம் சேலை முதலில் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் ரவிக்கைத் துண்டு அதில்தான் இருக்கிறது. ஆவணிக் கல்யாணத்துக்குச் சித்திரை முடிவதற்குள் எடுத்துவிடு.

முதலில் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போ. ஜாலான் லஹாட் பக்கம் ஒரு காலைப் பொழுதில் நாலைந்து கடை பார்த்துவிடலாம். அன்றைக்கே வாங்காதே. விலையும் நிறமும் கண்ணுக்குப் பழகட்டும். மனம் நிறையவில்லை என்றால் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா, இல்லை பினாங்கு லெபு பாசார். கூட வருகிறவர்களைக் குறைத்துக்கொள். அம்மா, அப்புறம் உன் முகத்துக்கு நேரே உண்மை சொல்லும் ஒருத்தி. எட்டுப் பேர் போனால் எட்டுச் சேலை பிடிக்கும், உனக்குப் பிடித்தது மட்டும் வீட்டுக்கு வராது. கூறைச்சேலையை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது உங்கள் வழக்கமென்றால், பெண்ணும் கூட வரட்டும் என்று அம்மாவை விட்டு இப்போதே பேசச் சொல். கட்டப்போகிறவள் தோளில் போட்டுப் பார்க்காமல் எடுத்த சேலைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

கடைக்குள் எரியும் விளக்கை நம்பாதே. சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார். உள்ளே அரக்கு நிறமாகத் தெரிந்தது வெளியில் கறுத்துத் தெரியலாம். மேலே போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் நாற்காலியில் உட்கார். ஜரிகை கனத்த காஞ்சிபுரப் பட்டில் ஒரு கிலோவை நெருங்குவதும் உண்டு. அந்தக் கனத்தோடுதான் விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை நிற்கப் போகிறாய்.

அசல் பட்டு, அசல் ஜரிகை என்று கடைக்காரர் சொல்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் கையில் சேலைக்கும் ரவிக்கைக்கும் சேர்த்தே 1,500 வெள்ளி (ரிங்கிட்)தான். (பெண்ணின் அம்மா, கோலாகங்சார்)

பட்டுக்கு ஒரு சோதனை உண்டு. ஓர நூல் ஒன்றை உருவி நெருப்பில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சின்ன மணி மாதிரி கெட்டியாகிவிடும். இந்தியாவிலிருந்து வரும் சேலையில் ‘சில்க் மார்க்’ சீட்டு இருந்தால் நல்லது, ஆனால் அது பட்டுக்குச் சாட்சி, ஜரிகைக்கு அல்ல. ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அசல் ஜரிகையில் வெள்ளிக் கம்பிக்கு உள்ளே வழக்கமாகச் சிவப்புப் பட்டு நூல் இருக்கும், வெள்ளை நூல் தெரிந்தால் விலையை மறுபடி பேசுங்கள். சேலையைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தையும் பாருங்கள். கோர்வை போட்டு நெய்த சேலையில் கரையும் உடலும் தனித்தனி நிறத்தில் சுத்தமாகப் பிரிந்து, அந்தச் சேர்க்கையில் பல் பல்லாகத் தெரியும். அதை நெய்ய இன்னொரு ஆள் கூட உட்கார வேண்டும், விலை ஏறுவது அதனாலும்தான்.

1,500 வெள்ளியை முழுக்கச் சேலையில் போடாதீர்கள் அக்கா. சின்னக் கரை வைத்த, கனம் குறைந்த நல்ல பட்டு எடுங்கள். மிச்சத்தை ரவிக்கைக்கும் உள்பாவாடைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பொருந்தாத ரவிக்கைக்கு மேல் எவ்வளவு விலைப் பட்டு கட்டினாலும் பிள்ளை கூனிக்கொண்டுதான் நிற்பாள். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஓமத்துக்கு முன்னால் உட்காரும் சேலை பாலியெஸ்டராக இருக்க வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விருந்துக்கு எதை வேண்டுமானாலும் கட்டட்டும்.

அளவு எடுக்கும்போது எதையெல்லாம் கவனிக்கணும்? நான் கல்யாணத்துக்குள் ஆறு கிலோ குறைக்கப் போகிறேன், அதனால் இறுக்கமாகவே தைக்கச் சொல்லலாமா? (ஈப்போ) / கையைத் தூக்கினால் ரவிக்கை முழுக்க மேலே ஏறுகிறது, ஏன்? (சிம்மோர்)

இந்த இரண்டுக்கும்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு எந்த உள்ளாடை போடப் போகிறாயோ, அதைப் போட்டுக்கொண்டு அளவு கொடு. வேறு உள்ளாடை என்றால் மார்பு நிற்கும் உயரம் மாறும், டக் (மார்பு வளைவுக்குப் பிடிக்கும் மடிப்புத் தையல்) முனை தப்பான இடத்தில் குத்தும். ‘பழைய ரவிக்கை ஒன்று தருகிறேன், அதே மாதிரி’ என்றால் நான் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்வதில்லை. பழையது உடம்புக்கு வளைந்து கொடுத்திருக்கும், புதுப் பட்டு வளையாது. நாடாவைப் பிடிக்கும்போது வயிற்றை உள்ளிழுக்காதே. மூச்சை விட்டு, சாதாரணமாக நில். மார்பின் மேல், நடு, கீழ் என்று மூன்று சுற்றளவையும் தையற்காரர் எடுக்கிறாரா என்று பார். ஒன்றே ஒன்றை எடுத்துவிட்டு மீதியைக் கண்ணால் போட்டால், வேறு கடை பார்.

உடம்பு குறையும் என்று நம்பி இறுக்கித் தைக்காதே தங்கச்சி. இன்றைக்கு இருக்கும் உடம்புக்குத் தை. குறைந்தால் கடைசிப் பொருத்தத்தில் பிடித்துவிடுகிறேன், அது அரை மணி வேலை. பெரிதாக்குவது அப்படியில்லை. ஒரு முகூர்த்தத்தன்று காலை நாலரை மணிக்கு ஓர் அப்பா என் கடைக் கதவைத் தட்டினார். கையில் வெளியூரில் தைத்து வாங்கிய ரவிக்கை. கொக்கி மாட்டினால் பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது. பக்கத் தையலைப் பிரித்தேன், உள்ளே கால் அங்குலத் துணிகூட விடவில்லை. அரக்கு நிறத்தில் என்னிடம் கிடந்த வெறும் பட்டில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, இரண்டு அக்குளுக்குக் கீழேயும் ஒட்டுக்கொடுத்தேன். ஆறரைக்குப் பெண் மணவறையில் உட்கார்ந்தாள், ஆனால் மாலை மாற்றும்போது முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டே கையைத் தூக்கினாள். தூரத்திலிருந்து பார்த்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதனால்தான் சொல்கிறேன், பக்கத்துக்கு ஓர் அங்குலமாவது உள்ளே விடச் சொல்லி, வாங்கும்போது பிரித்துப் பார்.

சிம்மோர் தங்கச்சி, உன் ரவிக்கையில் கைக்குழி ஆழமாகிவிட்டது. கைக்குழி தாராளமாக இருந்தால் கை வசதியாக அசையும் என்று நினைப்பார்கள், நடப்பது நேர்மாறு. குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது உடம்புத் துணியையும் சேர்த்து இழுக்கும். அக்குளுக்கு ஒட்டி, உயரமாக வெட்டிய குழிதான் கையைத் தனியே அசைய விடும். வெட்டிய குழியை மேலே ஏற்ற முடியாது, உள்ளே துணி இருந்தால் தோளில் கொஞ்சம் பிடித்துச் சமாளிக்கலாம்.

லைனிங் பருத்தியாக இருக்கட்டும், வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். இல்லையென்றால் பின்னால் அது மட்டும் சுருங்கி, மேலே பட்டு கொப்புளம் மாதிரி நிற்கும். நம் ஊர் வெக்கைக்கு சாட்டின் லைனிங் வேண்டவே வேண்டாம்.

என் கடையில் ஒரு மணைப் பலகை வைத்திருக்கிறேன். ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அதில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்வேன். மாலை போடுவது மாதிரி கையைத் தூக்கு. காலில் விழுவது மாதிரி குனி. பலமாக ஒரு மூச்சு இழு. முதுகில் நாடா இழுக்கிறதா, முன் கழுத்து வாய் பிளக்கிறதா என்று அம்மா பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்ப்பது பொருத்தம் பார்ப்பதே ஆகாது. கடைசிப் பொருத்தம் கல்யாணத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு.

சென்னையில் ஆரி வேலை செய்து, தைத்தே கூரியரில் அனுப்புகிறார்களாம். வாங்கலாமா? (தைப்பிங்)

வேலையை அங்கே செய்யலாம், தைப்பதை இங்கே வைத்துக்கொள். ஆரி வேலை துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கழுத்தும் கையும் வரைந்துகொண்டு, தைப்பதற்கு முன்னால் போடுவது. கழுத்தாழம் அப்போதே முடிவாகிவிடுகிறது. உன் தையற்காரரிடம் பேப்பரில் வெட்டி வாங்கி, அந்த வடிவத்தையே அங்கே அனுப்பு. வேலை முடிந்த துணி தைக்காமல் வரட்டும்.

வேலை எங்கே வேண்டுமென்பதையும் யோசி. முன் கழுத்தை மாலை மூடிவிடும், அங்கே கல் வைத்தால் மாலை நார் மாட்டி இழுக்கும். முதுகும் கை விளிம்பும்தான் போட்டோவில் தெரிகிற இடம். கையின் உள்பக்கம், இடுப்பில் உரசும் இடத்தில் மணி வேண்டாம், சாயங்காலம் தோல் சிவந்துவிடும்.

என் அம்மா 1989இல் கட்டிய கூறைச்சேலையை நான் கட்ட ஆசைப்படுகிறேன். தோட்டத்து வீட்டிலிருந்து தாமானுக்கு வந்தபோதும் தகரப்பெட்டியோடு தூக்கி வந்தார்கள். ஜரிகை கறுத்திருக்கிறது. (சுங்கை சிப்புட்)

படித்ததும் கண் கலங்கியதம்மா. ரப்பர் பால்வெட்டுக் கூலியில் சீட்டுக் கட்டி எடுத்த சேலைகள் அவை. முடிந்த மட்டும் அதைக் கட்டவைக்கத்தான் பார்ப்பேன்.

ஜரிகை கறுத்ததைப் பார்த்துப் பயப்படாதே. வெள்ளி இருந்தால் கறுக்கத்தான் செய்யும். புளி, எலுமிச்சை, பல்பசை எதுவும் போட்டுத் தேய்க்காதே. அந்தக் கருமை அழகு என்று நான் சொல்வேன். பார்க்க வேண்டியது மடிப்புகளை. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடி. மடிப்புக் கோட்டில் ஊசித்துளை மாதிரி வெளிச்சம் வந்தால் எச்சரிக்கை. இரண்டு விரலால் மெதுவாக இரு பக்கமும் இழு. ‘சர்’ரென்று சத்தம் வந்தால் அதை இறுக்கிக் கொசுவம் வைத்துக் கட்ட முடியாது.

தாங்குகிறது என்றால் பட்டு தெரிந்த டிரை கிளீனிங்கில் கொடு, புது ஃபால்ஸ் போடு, பலவீனமான இடத்துக்குப் பின்னால் மெல்லிய வலைத்துணி வைத்துக் கையால் தைக்கலாம். ஊக்கைப் பட்டில் நேராகக் குத்தாதே, உள்ளே சின்னத் துணித்துண்டு வைத்துக் குத்து. தாங்கவில்லை என்றால் நலங்குக்கு அரை மணி நேரம் தளர்வாகக் கட்டிக்கொள், அல்லது நல்ல கரையை மட்டும் எடுத்து உன் முகூர்த்த ரவிக்கையின் கையில் வைக்கிறேன். வெட்டுவதற்கு முன் அம்மாவிடம் கேள், அவர் மனசு ஒப்ப வேண்டும்.

இனிமேல் வைக்கும்போது பிளாஸ்டிக் உறை வேண்டாம், நம் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்று. அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது.

எனக்கு 43 வயது, இது இரண்டாவது கல்யாணம். சிவப்புப் பட்டும் ஆரி ரவிக்கையும் போட்டால் பேசுவார்கள் என்று அக்கா சொல்கிறார். (பேராக்)

போடுங்கள். முகூர்த்தம் உங்களுடையது, சிவப்பும் உங்களுடையது. தையலில் இரண்டே மாற்றம் சொல்வேன், அதுவும் வசதிக்காக: கை முழங்கை வரை, முன்னால் பிரின்சஸ் கட் (டக்குக்குப் பதிலாக மார்பின் மேலாக நீளவாக்கில் இறங்கும் தையல்). நிறத்தில் ஒரு மாற்றமும் சொல்ல மாட்டேன். பொருத்தத்துக்கு வரும்போது தனியாக வாருங்கள், கடைக் கதவைச் சாத்திவிட்டு நிதானமாகப் பார்ப்போம்.

தேவாலயத்தில் கல்யாணம், வெள்ளை கவுன். ஆயத்தமாக விற்பதை வாங்கித் திருத்தலாமா? (சித்தியவான்)

திருத்தலாம். கல்யாண கவுன் அதே எண்ணில் அன்றாட உடையைவிடச் சின்னதாக இருக்கும், அதனால் பெரிய எண் தேவைப்பட்டால் மனம் உடையாதே. உடம்பில் பெரிய அளவு எதுவோ, அதற்கு வாங்கி மற்ற இடத்தில் பிடிக்கணும். கீழ் விளிம்பை அன்றைக்குப் போடும் செருப்போடுதான் மடிக்க வேண்டும், அதனால் செருப்பை முதலில் வாங்கு. பின்னால் இழுபடும் வால் இருந்தால், விருந்தில் அதைத் தூக்கி மாட்ட உள்ளே பொத்தானும் வளையமும் வைக்கச் சொல். தூய வெள்ளை, கிரீம் இரண்டையும் கன்னத்தருகே பிடித்துப் பார். நம் நிறத்துக்குக் கிரீம் மிக அழகாக எடுக்கும்.

மாப்பிள்ளைக்கு ஏதாவது சொல்லுங்கள் அக்கா. வேட்டி அவிழ்ந்துவிடும் என்று பயம். (ஈப்போ)

எட்டு முழ வேட்டி எடு தம்பி, நாலு முழம் உட்கார்ந்தால் விலகும். பட்டு வேட்டி வழுக்கும், உள்ளே பருத்தி அரைக்கால் சட்டை, மேலே பெல்ட். ஒட்டும் பட்டி வைத்த வேட்டியும் கிடைக்கிறது. ஜிப்பாவில் தோள் பொருத்தம் பார், நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு நாள் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கு.

அன்றைக்கு அவசரத்துக்குப் பையில் என்ன வைக்கணும்? (பலர்)

சேலை நிறத்திலும் ரவிக்கை நிறத்திலும் நூல் கோத்த இரண்டு ஊசி, நாலு கொக்கி, சின்னக் கத்தரி, பெரியதும் சிறியதுமாக ஊக்கு, அக்குளுக்கு வியர்வைப் பட்டை, வெள்ளைக் கைக்குட்டை இரண்டு. உள்பாவாடை நாடா அறுந்துபோனால் மாற்ற ஒரு நாடா, அதைக் கோக்கப் பெரிய ஊக்கு. மாலை வந்ததும் அதில் தண்ணீர் சொட்டுகிறதா என்று யாராவது பார்த்து உதறிவிட்டுக் கொடுக்க வேண்டும், பட்டில் தண்ணீர்க் கறை நிற்கும். பையைப் பெண்ணிடம் கொடுக்காதீர்கள். மணவறைக்குப் பக்கத்திலேயே உட்காரும் ஒரு சித்தியிடமோ அத்தையிடமோ முந்தின நாள் ராத்திரியே கொடுத்துவிடுங்கள்.