ஆங்கர் டெக்ஸ்ட்: அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது யார்?

கேள்வி: இணையவழிக் கணக்கியல் பயிற்சி தரும் தளம் ஒன்றை நடத்துகிறேன். தேடல் முடிவுகளில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலையைச் செய்யும் ஒரு எஸ்இஓ நிறுவனம் 2 ஆண்டுகளாகப் பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து என் தளத்துக்கு லிங்க், ஏற்பாடு செய்து தந்தது. இப்போது சுமார் 140 தளங்களிலிருந்து லிங்க் வருகிறது. அதில் 60-க்கும் மேற்பட்டவற்றில் 'ஆன்லைன் அக்கவுண்டிங் கோர்ஸ்' என்ற ஒரே சொற்றொடர்தான் ஆங்கர் (லிங்க்காகச் சொடுக்கும் சொற்கள்). தேடலில் முதல் பக்கத்தில் இருந்த தளம் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது. கீவேர்டு (மக்கள் தேடும் சொல்) ஆங்கர் 5 சதவீதம், பிராண்டு பெயர் 50 சதவீதம் என்று கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பிராண்டு பெயரில் புதிய லிங்க்குகள் வாங்கி விகிதத்தைச் சமன்செய்யலாமா? அல்லது பழையவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லி டிஸவோ செய்துவிடவா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த 5, 50 கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். இதுதான் சரியான விகிதம் என்று கூகுள் எதையும் அறிவித்ததில்லை. முன்னணியில் இருக்கும் சில தளங்களின் லிங்க்குகளை எண்ணிச் சராசரி எடுத்தவர்கள் சொல்லும் எண்கள் அவை. தளத்தின் பெயரே கீவேர்டாக இருந்தால் பிராண்டு ஆங்கர் எது, கீவேர்டு ஆங்கர் எது என்று பிரிக்கவே முடியாது. முகப்புப் பக்கத்துக்கு வரும் லிங்க்கில் தளத்தின் பெயர் இருப்பது இயல்பு. உள்ளே இருக்கும் கட்டுரைக்கு வரும் லிங்க்கில் கட்டுரையின் தலைப்பு இருப்பதுதான் இயல்பு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு சதவீதம் பார்த்தால் எதுவும் புரியாது.

பார்க்க வேண்டியது வேறு. 1998-ல் செர்கெய் பிரினும் லாரி பேஜும் கூகுளின் அமைப்பை விளக்கி எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே ஆங்கர் டெக்ஸ்ட்டுக்குத் தனி இடம் உண்டு. ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட, அதற்கு லிங்க் தருபவர் எழுதும் சொல் பல நேரம் துல்லியமாக இருக்கிறது என்றார்கள். அடுத்தவர் தானாக எழுதிய சொல் என்பதால்தான் அதற்கு மதிப்பு. அந்தச் சொல்லையும் தளத்தின் உரிமையாளரே எழுதிக் கொடுத்தால் அந்த மதிப்பு எங்கிருந்து வரும்?

இதைத் தவறாகப் பயன்படுத்துவதும் சீக்கிரமே தொடங்கிவிட்டது. 2003-ல் பலர் சேர்ந்து 'மிசரபிள் ஃபெயிலியர்' என்ற ஆங்கரோடு அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்துக்கு லிங்க் கொடுக்க, அந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு அந்தப் பக்கம் முதலில் வந்தது. அந்தச் சொற்கள் பக்கத்தில் எங்குமே இல்லை. 2007 ஜனவரியில் கூகுள் இதற்கு ஒரு தடுப்பு கொண்டுவந்தது. 2012 ஏப்ரலில் பென்குவின் என்ற கூகுள் அப்டேட் வந்தபோதுதான் கீவேர்டு ஆங்கரை அள்ளிக் குவித்த தளங்கள் மொத்தமாகச் சரிந்தன. 2016 செப்டம்பரில் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் கூகுளின் மைய அல்காரிதத்தோடு பென்குவின் இணைந்தது. அதிலிருந்து ஸ்பேம் லிங்க்குக்காகத் தளம் முழுவதையும் கீழே தள்ளுவதற்குப் பதிலாக, அந்த லிங்க்கின் மதிப்பைக் கழித்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது.

உங்கள் விஷயத்தில் இந்தக் கடைசி மாற்றம் ரொம்ப முக்கியம். அந்த 60 லிங்க்குகளின் மதிப்பு கழிக்கப்பட்டதால் நீங்கள் இறங்கியிருந்தால், உங்களுக்குத் தண்டனை எதுவும் இல்லை. அவை கொடுத்த ஏற்றம் போய்விட்டது, அவ்வளவுதான். அப்போது அவற்றை நீக்கினாலும் பழைய இடம் திரும்பாது. பிராண்டு பெயரில் இன்னும் 100 லிங்க் வாங்கினால் விகிதம் அழகாகத் தெரியும், ஆனால் அவையும் அதே மாதிரித் தளங்களிலிருந்து வாங்கிய லிங்க்குகள்தான். ஆங்கரை மாற்றியதால் லிங்க்கின் தன்மை மாறிவிடாது.

சரி, என்ன செய்வது? முதலில் தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியை (கூகுள் ஊழியர்களே பார்த்து எடுக்கும் நடவடிக்கைகள் இங்கே தெரியும்) திறந்து, இயற்கைக்கு மாறான லிங்க்குகள் பற்றி அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பதற்றப்பட வேண்டாம். சரிவு தொடங்கிய தேதியில் கூகுள் ஏதாவது பெரிய அப்டேட் வெளியிட்டதா, உங்கள் தளத்தில் பக்கங்களை மாற்றினீர்களா, போட்டியாளர் யாராவது மேலான பக்கம் போட்டிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். எல்லாச் சரிவுக்கும் லிங்க் காரணமில்லை.

அப்புறம் லிங்க்குகளை எண்ணும் விதம். லிங்க்காக எண்ணாமல் தளமாக எண்ணுங்கள். ஒரு தளம் தன் ஃபுட்டரில் (பக்கத்தின் அடிப்பகுதியில்) உங்களுக்கு லிங்க் கொடுத்தால் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் அது தோன்றும். ஆயிரம் லிங்க் என்று டூல் காட்டும், கொடுத்தவர் ஒருவர்தான். இதைக் கவனிக்காமல், ஆங்கர் விகிதம் கெட்டுவிட்டது என்று பயந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. 140 என்பது கையால் பார்க்கக்கூடிய எண்ணிக்கைதான். ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, லிங்க் இருக்கும் வாக்கியத்தைப் படித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது எழுதியவரா, நாங்களா?

தமிழில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். இயல்பாக எழுதுபவர் லிங்க்கை வாக்கியத்தின் ஓட்டத்தில் வைப்பார்: 'இந்தக் கட்டுரையில்', 'கணக்கியல் வகுப்பைப் பற்றி', 'அவர்கள் தந்த அட்டவணைப்படி'. வேற்றுமை உருபு ஒட்டியிருக்கும், சிலர் 'கணக்கியல்' என்பார், சிலர் 'அக்கவுண்டிங்', சிலர் 'அக்கௌண்டிங்' என்று எழுதுவார். 60 பேர் ஒரே எழுத்துக்கூட்டலில், உருபே ஒட்டாமல், வாக்கியத்தில் செருகியது போல எழுதியிருந்தால் அது ஒரே கையிலிருந்து வந்தது என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும்.

இப்படிப் பிரித்த பிறகு, மற்றவர் தானாகக் கொடுத்த லிங்க்குகளைத் தொடாதீர்கள். 'இங்கே' என்று மட்டும் இருந்தாலும் சரி, கீவேர்டே இருந்தாலும் சரி, மாற்றச் சொல்லி மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். பணம் கொடுத்து வைத்தவற்றை நீக்கச் சொல்லுங்கள். அல்லது 'ஸ்பான்சர்டு' என்ற குறியைச் சேர்க்கச் சொல்லுங்கள். விலைக்கு வைத்த லிங்க்குக்கென்றே 2019-ல் கூகுள் அந்தக் குறியை அறிமுகப்படுத்தியது. லிங்க்குக்கு மதிப்பு தர வேண்டாம் என்று சொல்லும், 2005 முதல் இருக்கும் 'நோஃபாலோ' குறியும் போதும்.

டிஸவோ கடைசி மருந்து. மேனுவல் ஆக்‌ஷன் வந்து, கேட்டும் நீக்காத தளங்கள் மிஞ்சியிருந்தால் அதைச் செய்யலாம். அல்லது விலைக்கு வாங்கிய லிங்க் அவ்வளவு அதிகமாக இருந்து, அறிவிப்பு வந்துவிடும் என்று நியாயமாகவே தோன்றினால் செய்யலாம். மற்றபடி நல்ல லிங்க்குகளையும் சேர்த்து வெட்டிவிடும் ஆபத்துதான் அதிகம்.

நீங்கள் தாராளமாகச் சொல் தேர்ந்தெடுக்கக்கூடிய இடம் உங்கள் சொந்தத் தளம்தான். பலர் வெளியே கீவேர்டு ஆங்கருக்குப் பணம் கொடுப்பார்கள், தன் தளத்துக்குள் எல்லா லிங்க்கிலும் 'மேலும் படிக்க' என்று போட்டிருப்பார்கள். எனக்கு இது பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். 'இருப்பாய்வு தயாரிக்கும் முறை', 'பேரேட்டில் பதிவது எப்படி' என்று அந்தப் பக்கம் எதைப் பற்றியது எனத் தெரியும்படி எழுதுங்கள். படத்துக்கு லிங்க் கொடுத்திருந்தால் அதன் ஆல்ட் டெக்ஸ்ட்தான் (படத்தை விவரிக்கும் மாற்று வரி) ஆங்கராக எடுத்துக்கொள்ளப்படும்; அதையும் காலியாக விடாதீர்கள்.

வெளியிலிருந்து நல்ல ஆங்கர் வர உங்களால் செய்ய முடிந்தது தலைப்பு. லிங்க் கொடுப்பவர்களில் பலர் பக்கத்தின் தலைப்பைத்தான் நகலெடுத்து ஒட்டுவார்கள், அல்லது அதிலிருந்து இரண்டு மூன்று சொற்களை எடுப்பார்கள். 'இருப்பாய்வு ஏன் சமன்படவில்லை: பிழையைக் கண்டுபிடிக்கும் வழிகள்' என்று ஒரு பக்கம், கூடவே தரவிறக்கிக்கொள்ள ஒரு பயிற்சித் தாள் என்று போட்டுப் பாருங்கள். ஒருவர் 'இருப்பாய்வுப் பிழைகள்' என்பார், இன்னொருவர் 'இந்தப் பயிற்சித் தாள்' என்பார், வேறொருவர் உங்கள் தளத்தின் பெயரைச் சொல்வார். நீங்கள் கேட்ட சமநிலை இப்படி வருவதுதான். மெதுவாகத்தான் வரும், மாதக்கணக்கு ஆகும்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். அந்த எஸ்இஓ நிறுவனத்தோடு ஒப்பந்தத்தை முடிக்கும் முன், எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்த ஆங்கரோடு லிங்க் வைத்தார்கள் என்ற முழுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். நாளை மேனுவல் ஆக்‌ஷன் வந்தால், மறுபரிசீலனை கேட்டு எழுதும்போது எதையெல்லாம் நீக்க முயன்றீர்கள் என்று காட்ட அந்தப் பட்டியல் வேண்டும்.