தாத்தா வீட்டில் நூலகம் வைக்கலாமா?
பழைய கட்டடங்களைப் புதுப் பயன்பாட்டுக்கு மாற்றுவது குறித்த வாசகர் கேள்விகளுக்குக் கட்டுமானப் பொறியாளரின் பதில்கள்

கேள்வி: திருவல்லிக்கேணியில் தாத்தா காலத்து மச்சு வீடு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. திண்ணையும் முற்றமும் உள்ள அந்த வீடு பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைத் தெருப் பிள்ளைகளுக்கான நூலகமாகவும் மாலை நேரப் படிப்பகமாகவும் மாற்ற அண்ணன் தம்பிகள் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். நூலகத்தை மாடியில் வைக்க எண்ணம். வந்து பார்த்த மேஸ்திரி, "கூரை தாங்காது, இடித்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள்" என்கிறார். அவர் சொல்வது சரியா?
– திருவல்லிக்கேணி வாசகர்

பதில்: பங்கு பிரித்து விற்காமல் தெருப் பிள்ளைகளை நினைத்த உங்கள் குடும்பத்தாருக்கு என் வணக்கம். மேஸ்திரி சொன்னதில் பாதி சரி. அந்த மாடித் தளம் புத்தக அலமாரிகளைத் தாங்காது. அதற்காக வீட்டை இடிக்க வேண்டியதில்லை. அலமாரிகளைக் கீழே வைத்தால் போதும்.

உங்கள் வீட்டுத் தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற முறையில் கட்டப்பட்டதாக இருக்கும். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் மூலைவாட்டாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கி, மொட்டை மாடியாக இருந்தால் கடைசியில் தட்டோடு எனும் தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். குடியிருக்கும் வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று இந்தியத் தர விதிகள் சுமை கணக்கிடுகின்றன. மக்கள் கூடும் மண்டபத்துக்கு அது 500 கிலோ, புத்தக அடுக்கறைக்கு 600 கிலோ. ஆக, ஒரு குடும்பம் புழங்கிய மாடியில் நூலகம் வைத்தால் அந்தத் தேக்குக் கட்டைகள் மூன்று மடங்குச் சுமையைத் தாங்க வேண்டிவரும். கீழ்த்தளத்தில் சுவரோரமாக அலமாரிகள் நின்றால் அந்தச் சுமை நேராக மண்ணுக்குப் போய்விடும். மாடியில் பிள்ளைகள் பாய் விரித்துப் படிக்கட்டும். ஒரு நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதைப் பொறியாளரிடம் எழுதி வாங்கிப் படிக்கட்டின் அடியில் ஒட்டிவையுங்கள்.

அடுத்து, கட்டைகளைச் சோதிக்க வேண்டும். நடுப்பகுதி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் உளுக்கும்; மழைநீர் இறங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். ஒவ்வொரு கட்டையையும் சுவரை ஒட்டிச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலி வந்தால் திருப்புளியால் குத்திப் பாருங்கள். திருப்புளி விரல் நீளம் இறங்கினால் அந்த முனை போய்விட்டது என்று பொருள். அதற்காகக் கட்டை முழுவதையும் மாற்ற வேண்டாம். சுவரோரமாக இரும்புச் சட்டம் ஒன்றைக் கொடுத்து, கெடாத பகுதியை அதன்மேல் உட்கார வைக்கலாம்.

மொட்டை மாடியில் என்னென்ன ஏறியிருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்வேன். மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கூரையைத் திறந்தபோது தட்டோட்டின் மேல் சிமென்ட் பூச்சு, அதன்மேல் தார், அதன்மேல் மறுபடி சிமென்ட், எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை ஓடு என்று நான்கு அடுக்குகள் இருந்தன. ஒழுகும்போதெல்லாம் மேலே ஒன்றைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். மழைநீர் இறங்கும் வாயில் ஆலங்கன்று வேர்விட்டு அடைத்துக்கொண்டிருந்தது. ஒழுகலுக்குக் காரணம் அதுதான். ஓர் அங்குலச் சிமென்ட் பூச்சு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோ எடை. அடுக்குகளைக் கவனமாக உரித்து, கீழே இருந்த தட்டோட்டின் இடுக்குகளைச் சுண்ணாம்பால் அடைத்து, நீர்வாட்டத்தைச் சரிசெய்ததும் கூரையின் பாரம் பெருமளவு குறைந்தது. உங்கள் மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள். நிறைந்த தொட்டி ஒரு டன் எடை.

கேள்வி: மயிலாப்பூரில் எங்கள் பூர்வீக வீட்டை முதியோர் பகல்நேர மையமாக நடத்துகிறோம். சென்ற ஆண்டு பழைய காரையைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசி, விலையுயர்ந்த பெயின்ட் அடித்தோம். இப்போது இடுப்பளவுக்கு உப்பு பூத்து உதிர்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் அமைக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.
– மயிலாப்பூர் வாசகி

பதில்: அம்மா, பணம் செலவழித்தும் இப்படி ஆனது வருத்தமாக இருக்கிறது. இந்தத் தவற்றை நான் ஊர் முழுக்கப் பார்க்கிறேன். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் தளவரிசை பெரும்பாலும் இருக்காது. மண்ணிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை மூச்சாக வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்ட்டும் அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் சுவருக்குள்ளேயே தங்கி, செங்கல்லில் உள்ள உப்பைக் கரைத்து, பூச்சின் பின்னால் படிகமாக்கி, கடைசியில் பூச்சையே தள்ளிவிடுகிறது. உதிர்ந்த இடத்தில் மறுபடி சிமென்ட் பூசினால் ஓதம் இன்னும் மேலே ஏறும்.

தரையிலிருந்து நெஞ்சளவு வரை சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுவதும் திறந்தபடி காயவிடுங்கள். பிறகு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற அளவில், மெல்லிய பூச்சுகளாக, ஒன்று இறுகியபின் அடுத்தது என்று பூச வேண்டும். கடுக்காயும் வெல்லமும் சேர்க்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தெரிந்த கொத்தனார் கிடைத்தால் சேர்க்கட்டும். ஆனால் சுண்ணாம்பைச் சில வாரங்களாவது தண்ணீரில் ஊறவைப்பதும், பூசியபின் வெயில் படாமல் ஈரம் காப்பதும் அதைவிட முக்கியம். அவசரக்காரர்களிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வர்ணத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளையே போதும்.

சாய்தளத்துக்கு 12-க்கு 1 என்பது கணக்கு. ஒன்றரை அடி உயரத் திண்ணைக்கு 18 அடி நீளம் வேண்டும். அதைத் தெருவில் நீட்ட முடியாது. திண்ணையை உடைக்காமல், பக்கச் சந்தின் வழியாகவோ கொல்லைப்புற வாசல் வழியாகவோ கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். நம் தெருக்களில் சாலையின் மேலேயே சாலை போட்டதால் பல வீடுகளில் படிகள் புதைந்து திண்ணை ஓரடியாகக் குறைந்துவிட்டது. அப்படியானால் 12 அடி போதும். ஆனால் மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் அதே சாய்தளத்தின் வழியாக உள்ளே வரும் என்பதால் அதன் தொடக்கத்தில் கம்பி மூடியிட்ட வடிகால் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கேள்வி: தங்கசாலைத் தெருவை ஒட்டி எங்களுக்கு ஒரு பழைய கிடங்கு உள்ளது. அதில் சிற்றுண்டிக் கடையும், மாடியில் கைவினைப் பொருள் விற்பனையும் தொடங்க விருப்பம். அனுமதி தேவையா? எதில் கவனம் வேண்டும்?
– ஜார்ஜ் டவுன் வாசகர்

பதில்: அனுமதி தேவை. கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கு 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி ஒப்புதல் பெற வேண்டும். மாநகராட்சியின் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவையும் வேண்டும். வீடுகளை மாற்றுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சொத்து வரியும் மின் கட்டணமும் வணிக விகிதத்துக்கு மாறும், வீட்டு இணைப்புக்குக் கிடைத்துவந்த இலவச யூனிட்டும் நின்றுபோகும். கணக்குப் போடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன், உங்கள் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் விசாரியுங்கள். நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியலில் 467 கட்டடங்கள் இடம்பெற்றன. அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பது தொடர்பான வழக்கில் 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியதோடு, இப்படிப்பட்டவற்றில் கைவைக்கும் முன் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவை அணுக வேண்டும் என்ற நிலையையும் உறுதிப்படுத்தியது.

கவனம் வேண்டியது சமையலறையில்தான். மரக்கட்டைத் தளத்தின் கீழ் அடுப்பை வைக்காதீர்கள். நீராவியும் எண்ணெய்ப் புகையும் கட்டையை நாசமாக்கும். தீ பிடித்தால் அந்தச் சந்துகளில் தீயணைப்பு வண்டி நுழைவதே கடினம். நம் முன்னோர் அடுக்களையையும் கிணற்றையும் பின்கட்டில் வைத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. நீங்களும் சமையலறை, பாத்திரம் கழுவும் இடம், கழிப்பறை மூன்றையும் பின்புறம் தனியாக, புதிய கட்டுமானமாக எழுப்புங்கள். முற்றமோ திறப்போ இருந்தால் மழைக்குப் பயந்து அதன்மேல் தகடு போட்டு இறுக அடைத்துவிட வேண்டாம். சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டடி விட்டு உயர்த்திப் போட்டால் சூடான காற்று அந்த வழியே வெளியேறும், பகலில் விளக்கும் வேண்டியிருக்காது.

கேள்வி: தீயில் எரிந்துபோன பழைய கட்டடத்தைக்கூட மீட்க முடியுமா?
– பெரம்பூர் வாசகி

பதில்: முடியும். சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலை நினைத்துப் பாருங்கள். ஆற்காடு நவாபுக்காக 1768 வாக்கில் எழும்பி, பின்னர் அரசு அலுவலகமாக இருந்த அது 2012 ஜனவரியில் எரிந்து, கூரை விழுந்து, வெறும் சுவராக நின்றது. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புக் கலவையிலேயே சீரமைத்தது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. மூர் மார்க்கெட்டுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1985-இல் எரிந்தபின் அது அகற்றப்பட்டு, அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. ரயில் அறிவிப்பில் மட்டும் இன்றும் அந்தப் பெயர் ஒலிக்கிறது. பழைய புத்தகம் தேடி அங்கே அலைந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்கும்போது மனம் கனக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டைச் சீரமைக்க வந்த ஒப்பந்ததாரர், பழைய கதவு, சன்னல், கட்டைகளைத் தானே எடுத்துக்கொண்டு கூலியில் கழித்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?
– புரசைவாக்கம் வாசகர்

பதில்: வேண்டாம். அவர் கழிக்கும் கூலியைவிட அந்தத் தேக்கின் விலை பெரும்பாலும் அதிகம். அந்த அளவுக்கு முற்றிய மரம் இன்று எளிதில் கிடைப்பதும் இல்லை. உளுத்த கட்டையில்கூட நல்ல பகுதியை அறுத்தெடுத்தால் அலமாரிப் பலகையோ படிக்கட்டுப் படியோ ஆகும். கதவைக் கழற்றும்போது கதவிலும் நிலையிலும் ஒரே எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதி, ஒரு படமும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய நிலைகள் ஒன்றுக்கொன்று அரை அங்குலம், கால் அங்குலம் மாறியிருக்கும். எண் இல்லாமல் கலந்துவிட்டால், பொருத்த வரும் ஆசாரி நல்ல மரத்தை இழைத்துத் தள்ள வேண்டியதாகிவிடும்.