காய்ந்ததும் பூக்கும் வெள்ளை, உப்புதான்

நண்பரே, நீங்கள் செய்யும் ராயபுரம் ரயில் நிலையச் சிறு மாதிரியில், தண்டவாளத்துக்கு அடியில் பரப்பிய மணல் படுகை காய்ந்ததும் வெள்ளை பூக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். காசிமேட்டுக் கடல்மணல் போட்டதாகச் சொல்கிறீர்களே, அதிலுள்ள உப்புதான் அது. மேலே எத்தனை முறை வண்ணம் பூசினாலும் திரும்ப வரும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்த மணலைச் சுரண்டிவிடுங்கள். 1856இல் திறந்த நிலையம், அதற்காக நீங்கள் இன்னொரு முறை உழைக்கலாம்.

புது மணலை நல்ல தண்ணீரில் நான்கைந்து முறை அலசி, காயவைத்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். உங்கள் 1:87 அளவில் (அசலில் 87இல் ஒரு பங்கு) 1 மில்லிமீட்டர் மணலே கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் கல்; தண்டவாள ஜல்லிக்கு அது பெரிது. மணலை ஒட்டவைக்கும் ஃபெவிகால் கரைசலில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் மணலுக்குள் இறங்கும்.

துரு நிறம் தண்டவாளத்தின் பக்கவாட்டில் மட்டும். மேற்பரப்பு சக்கரம் உரசிப் பளபளக்க வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் நின்று அசல் தண்டவாளத்தைப் பாருங்கள்.