வால்நட்சத்திரத்தில் தொடங்குங்கள்

கேள்வி: இடைக்கால ஐரோப்பிய வரலாற்றில் முதுகலை முடித்திருக்கிறேன். வடபிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த கதையை இணையத்தில் தொடராக எழுதுகிறேன். தோழிகள்கூட இரண்டாவது பத்தியைத் தாண்டுவதில்லை. எளிமையாக்கினால் தப்பாகிவிடுமோ என்றும் பயம். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய முதல் பகுதியைப் படித்தேன். தகவல் எல்லாம் சரி. ஆனால் நான்காவது வரியிலேயே ‘நிலமானிய முறை’ வந்துவிடுகிறது, மனிதர் ஒருவரையும் காணோம்.

அந்த வெற்றியைப் படம்படமாகச் சொல்லும் பேயூ திரைச்சீலையில் ஓர் இடம் இருக்கிறது. சிலர் கூட்டமாக நின்று வானத்தைக் கைகாட்டுகிறார்கள். மேலே வால் நீண்ட ஒரு நட்சத்திரம். 1066 ஏப்ரலில் தெரிந்த ஹாலி வால்நட்சத்திரம்தான் அது. பக்கத்திலேயே இங்கிலாந்தின் புது மன்னன் ஹாரோல்ட். அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் போரில் அவன் செத்துப்போகிறான். அங்கே தொடங்குங்கள். (பெயர்தான் திரைச்சீலை, உண்மையில் லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட பூத்தையல், சுமார் 70 மீட்டர் நீளம். இதையும் சொல்லுங்கள், வாசகருக்குப் பிடிக்கும்.)

கலைச்சொல்லைக் கைவிட வேண்டாம், கொஞ்சம் தள்ளிப்போட்டால் போதும். ஹாரோல்டை வென்று மன்னனான நார்மானியத் தலைவன் வில்லியம் 1086இல் நடத்திய டூம்ஸ்டே கணக்கெடுப்பைக் காட்டுங்கள்: நிலம் யாருடையது, ஏர் எத்தனை, ஆலை எத்தனை. ஒரு மாடு, ஒரு பன்றியைக்கூட விடவில்லை என்று அக்கால ஆங்கிலேயக் குறிப்பேடு பொருமுகிறது. அப்புறம், மன்னன் நிலம் கொடுப்பான், வாங்கியவன் போருக்குக் குதிரைவீரர்களை அனுப்ப வேண்டும், இதற்குப் பெயர்தான் நிலமானியம் என்று சொல்லிப் பாருங்கள். சட்டென்று பிடிபடும்.

சரி, அந்தப் பயம். எளிய சொல் போட்டதால் வரலாறு கெடாது. ‘இருக்கலாம்’ என்பதை ‘இருந்தது’ என்று எழுதினால்தான் கெடும். ஹாரோல்ட் கண்ணில் அம்பு பாய்ந்து செத்தான் என்பது ஊரறிந்த கதை. துணியிலோ ‘ஹாரோல்ட் மன்னன் கொல்லப்பட்டான்’ என்ற லத்தீன் வரிக்குக் கீழே இரண்டு உருவங்கள்: ஒருவன் அம்பைப் பிடித்தபடி நிற்கிறான், இன்னொருவன் வாள்வெட்டில் சாய்கிறான். எவன் ஹாரோல்ட்? போதாக்குறைக்கு, 19ஆம் நூற்றாண்டில் அந்தத் துணியைப் பழுதுபார்த்திருக்கிறார்கள். அதற்கு முன் வரைந்த ஒரு நகலில் அம்புக்கு இறகே இல்லை, அது அம்புதானா என்பதே சந்தேகம். இந்தக் குழப்பத்தை மறைக்காதீர்கள். வாசகர் துப்பறியத் தொடங்குவது இங்கேதான். படத்தை நறுக்காமல், இரண்டு உருவமும் லத்தீன் வரியும் தெரிகிற மாதிரி போடுங்கள்.

எழுதிய முதல் பகுதியைத் தூக்கிப்போட வேண்டாம். அது மூன்றாவதாக வரட்டும்.