நூறு கிராம் எதில்? கரைசல் பாடம்: வாசகர் கேள்விகள்

கே: 25 டிகிரி செல்சியஸில் சாப்பாட்டு உப்பின் கரைதிறன் 36 கிராம். அப்படியானால் அந்தத் தெவிட்டிய (இனிமேல் உப்பு கரையாத) கரைசலின் நிறை சதவீதமும் 36 தானே? தப்பு என்று அடித்துவிட்டார்கள்.
- பத்தாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்

ப: அடித்தது சரிதான். கரைதிறன் என்பது 100 கிராம் கரைப்பானில் (இங்கே தண்ணீரில்) அதிகபட்சம் எவ்வளவு கரையும் என்ற கணக்கு. நிறை சதவீதமோ 100 கிராம் கரைசலில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. 36 கிராம் உப்பு 100 கிராம் தண்ணீரில் கரைந்தால் கரைசல் 136 கிராம். 36-ஐ 136-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 26.47 சதவீதம்.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் அதிகம் வழுக்குவது இங்கேதான். 20 கிராம் சர்க்கரையை 80 கிராம் தண்ணீரில் கரைத்தால் 20 சதவீதம்; 100 கிராம் தண்ணீரில் கரைத்தால் 16.67 தான். கேள்வியில் இருப்பது ‘நீர்’ என்ற சொல்லா, ‘கரைசல்’ என்ற சொல்லா என்று பார்த்து அடிக்கோடிட்ட பிறகு பேனாவை எடுங்கள். கரைதிறனைச் சொல்லும்போது வெப்பநிலையையும் சேர்த்தே எழுதுங்கள். அது இல்லாத விடை பாதி விடை.

கே: 60 டிகிரியில் தெவிட்டிய 105 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலை 20 டிகிரிக்குக் குளிரவைத்தால் எவ்வளவு படிகம் கிடைக்கும்? கரைதிறன் 60-ல் 110, 20-ல் 32. மகனுக்கு 78 என்று சொல்லிக்கொடுத்தேன். விடைப் பக்கத்தில் 39 இருக்கிறது.
- ஒரு தந்தை, வேளச்சேரி

ப: 110-ல் 32 போனால் 78 என்பது 100 கிராம் தண்ணீருக்கான கணக்கு. உங்களிடம் இருப்பது 105 கிராம் கரைசல். 60 டிகிரியில் 100 கிராம் தண்ணீரும் 110 கிராம் உப்பும் (இங்கே உப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்) சேர்ந்து 210 கிராம் கரைசல் ஆகும். 105 அதில் சரிபாதி. ஆக, தண்ணீர் 50 கிராம், உப்பு 55 கிராம். 20 டிகிரியில் அந்த 50 கிராம் தண்ணீர் 16 கிராம் உப்பைத்தான் கரைத்து வைத்திருக்கும். மிச்சம் 39 கிராம் படிகமாகிவிடும்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: மொத்தமே 55 கிராம் உப்பு இருக்கும் கரைசலிலிருந்து 78 கிராம் வெளிவர வழியில்லை. விடை வந்ததும் இப்படி ஒருமுறை ஒத்துப் பார்த்தால் தப்பு தானே தெரிந்துவிடும்.

கே: தெவிட்டிய கரைசலை வீட்டில் செய்து காட்ட நினைத்தேன். தூளுப்பைப் போட்டதுமே தண்ணீர் கலங்கிவிட்டது. தெவிட்டிவிட்டதா?
- இல்லத்தரசி, தாம்பரம்

ப: இல்லை. பாக்கெட் தூளுப்பு கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் தண்ணீரில் கரையாது, கலங்கல் அதனால். தெவிட்டியதற்கு அடையாளம், நன்றாகக் கலக்கிய பிறகும் அடியில் உப்பு மணிகள் தங்குவது. கல் உப்பை வெயிலில் காயவைத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் 50 கிராம் தண்ணீர் எடுத்து, முதலில் 15 கிராம் உப்பு போட்டுக் கரையுங்கள். பிறகு ஒவ்வொரு கிராமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் கலக்குங்கள். 18 கிராமைத் தாண்டும்போது மணிகள் தங்கும். ஈர உப்பை நிறுத்தால் எடையில் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும், கணக்கு தப்பும். பொடிப்பதும் கலக்குவதும் உப்பைச் சீக்கிரம் கரைக்கும். கரையும் அளவைக் கூட்டாது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குக் கண்ணால் காட்டிவிடுங்கள்.

அதே கரைசலைச் சுடவைத்து ஆறவிட்டுப் படிகம் எதிர்பார்க்காதீர்கள். 100 டிகிரியில்கூட உப்பின் கரைதிறன் சுமார் 39 தான். ஆறினால் படிவது சொற்பம். கோவளம், கேளம்பாக்கம் பக்க உப்பளங்களில் தண்ணீரை வெயிலில் வற்றவைப்பது அதனால்தான். ஆறவைத்துப் படிகம் பார்க்க நாட்டு மருந்துக்கடைப் படிகாரம் வாங்குங்கள். வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, துணியில் வடிகட்டி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள்.

கே: சூடு ஏறினால் கரைதிறன் கூடும் என்று படித்தோம். வெயிலில் இருந்த சோடா மட்டும் ஏன் பொங்குகிறது?
- ஒன்பதாம் வகுப்பு மாணவன், ராயபுரம்

ப: நீங்கள் படித்தது பெரும்பாலான திடப்பொருள்களுக்குப் பொருந்தும். தண்ணீரில் கரைந்த வாயுவுக்கு நேர் எதிர்: சூடு ஏற ஏற வெளியேறும். மூடியைத் திறந்ததும் அழுத்தமும் குறைகிறது. தேர்வில் இரண்டு காரணத்தையும் எழுதுங்கள். நீற்றுச் சுண்ணாம்பு மாதிரி, சூட்டில் கரைதிறன் குறையும் திடப்பொருள்களும் உண்டு.

கே: 35 சதவீத எத்தனால் கரைசல் (கனஅளவு சதவீதம்) என்றால் 35 மில்லி எத்தனாலோடு 65 மில்லி தண்ணீர் என்று எழுதலாமா?
- பத்தாம் வகுப்பு மாணவி, அண்ணா நகர்

ப: வேண்டாம். எத்தனாலும் தண்ணீரும் கலந்தால் கனஅளவு சுருங்கும். ஐம்பதும் ஐம்பதும் சேர்த்தால் 100 வராது, சுமார் 97 மில்லிதான் வரும். ‘35 மில்லி எத்தனாலை எடுத்து, மொத்தக் கனஅளவு 100 மில்லி ஆகும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும்’ என்று எழுதுங்கள்.