பழனி பாதயாத்திரைக்குத் தண்ணீர்ப் பையா, பாட்டிலில் டியூப்பா?

தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழனிக்கு அப்பச்சியுடன் முதல் முறையாக நடக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். முதுகுப்பைக்குள் வைத்து டியூப் வழியே உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை வாங்குவதா, கையில் இருக்கும் பாட்டிலிலேயே உறிஞ்சும் டியூப்பைப் பொருத்திக்கொள்வதா என்பது உங்கள் கேள்வி. பாட்டிலில் டியூப் என்பதே என் பதில்.

தண்ணீர்ப் பையை நான் குறை சொல்லவில்லை. 1980களின் இறுதியில் டெக்சாஸில் கோடை வெயிலில் நடந்த 100 மைல் சைக்கிள் பந்தயத்துக்காக, அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர் குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதை நீளக் காலுறைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டார். இந்தத் தண்ணீர்ப் பைகளுக்குப் பெயர் போன கேமல்பேக் நிறுவனம் பிறந்தது அப்படித்தான். வழியில் தண்ணீருக்காக நிற்க விரும்பாதவருக்கு அது அருமையான ஏற்பாடு. நம் பாதை வேறு. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகிற வழியெல்லாம் தைப்பூச நேரத்தில் தண்ணீர்ப் பந்தல் இருக்கும், நீர்மோர் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ. இரண்டு மூன்று லிட்டரை ஏன் முதுகில் ஏற்ற வேண்டும்? அதோடு, பையை நிரப்ப வேண்டுமென்றால் துணிமணிக்கு அடியிலிருந்து உருவ வேண்டும், நிரப்பிய பின் மறுபடி திணிக்க வேண்டும். பின்னால் கூட்டம் காத்து நிற்கும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் வெளியே தெரியாது. பாட்டில் என்றால் பக்கப் பையிலிருந்து எடுத்தோம், நிரப்பினோம், நடந்தோம்.

டியூப் வாங்கும்போது கடைக்காரர் நீளத்தையும் நிறத்தையும் காட்டுவார். நீங்கள் மூடியைப் பாருங்கள். தண்ணீர்ப் பை உறிஞ்ச உறிஞ்சச் சுருங்கிக்கொள்ளும். பாட்டில் அப்படிச் சுருங்காது. வெளியேறும் தண்ணீரின் இடத்துக்குக் காற்று உள்ளே போக வழி இல்லையென்றால் நாலு மடக்கில் பாட்டில் ஒடுங்கும், ஐந்தாவது மடக்குக்குக் கன்னம்தான் வலிக்கும். எவர்சில்வர் பாட்டில் ஒடுங்கக்கூட மாட்டாது. தண்ணீர் வருவது அப்படியே நின்றுவிடும். ஆகவே மூடியில் காற்றை உள்ளே மட்டும் விடும் சிறிய வால்வு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் நிரப்பிப் பொருத்தி, வாயை எடுக்காமல் பத்து மடக்கு உறிஞ்சிப் பாருங்கள். பத்தாவது மடக்கும் முதல் மடக்கைப் போலவே வந்தால் நல்ல மூடி.

அடுத்தது மரை. எல்லாப் பாட்டிலின் கழுத்தும் ஒரே அளவு இல்லை. பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்த் திருகிப் பார்த்தே வாங்குங்கள். உள்ளே தெரியும் பாட்டிலாக இருந்தால் நல்லது. மீன் தொட்டிக்கு விற்கும் டியூப்பை வாங்கி நீங்களே செய்ய நினைக்காதீர்கள். வாயில் வைப்பது உணவுக்கு உகந்த சிலிகானாக இருக்க வேண்டும்.

வெயில் ஏறியதும் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று சூடாகி விரியும். அது வெளியே போக முடியாததால் தண்ணீரை டியூப் வழியே தள்ளும். நுனி சொட்டும், சட்டை நனையும். மூடியை ஒரு முறை லேசாகத் திறந்து மூடினால் போதும். முதுகுப்பையைத் தரையில் வைக்கும்போதும் கவனம் தேவை. கடித்து உறிஞ்சும் நுனி எதற்கடியிலாவது நசுங்கினால் தண்ணீர் வடிந்துவிடும். அடைக்கும் திருகு உள்ள டியூப்பாக வாங்குங்கள். காவடி எடுப்பதாக இருந்தால் அது அமரும் தோளில் டியூப் வரக்கூடாது, மறு தோளில் ஓடட்டும்.

டியூப்புக்குள் வெறும் தண்ணீர் மட்டுமே போக வேண்டும். மோர், பானகம், சர்பத், உப்புச் சர்க்கரைக் கரைசல் எதுவானாலும் தம்ளரில் குடியுங்கள். இனிப்பும் பாலும் தங்கிய டியூப்பில் பூசணம் பிடிக்கும், அதை எடுப்பது பெரும்பாடு. இரவு தங்கும் இடத்தில் டியூப்பைக் கழற்றி, உதறி, தொங்கவிட்டுக் காயவையுங்கள்.

அப்பச்சியைப் பற்றித்தான் எனக்கு அக்கறை அதிகம். தை மாத விடியலில் பனி கொட்டும், தாகமே தெரியாது. வயதானவர்களுக்குத் தாக உணர்வும் குறைவு. பத்து மணி வெயிலில் தலை சுற்றும். வாயருகே டியூப் இருந்தால் நடந்தபடியே அவ்வப்போது ஒரு வாய் குடிப்பார்கள், அதற்காகவே நான் இதை ஆதரிக்கிறேன். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அளவைக் கண்ணால் பார்த்துக் கணக்கு வைக்கவும் பாட்டில்தான் வசதி.

கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே இருவரும் குன்றக்குடி வரை நடந்து பாருங்கள், சுமார் 10 கிலோமீட்டர்தான். அங்கே போனதும் அவருடைய பாட்டிலைப் பாருங்கள். கொண்டுபோன தண்ணீர் பெரும்பாலும் அப்படியே இருந்தால், உறிஞ்சுவது அவருக்குச் சிரமம் என்று பொருள். டியூப்பை நீங்கள் வைத்துக்கொண்டு, அவருக்குத் திறந்ததும் குடிக்கும் அரை லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுங்கள்.