விடுபட்ட இரண்டு செவ்வகங்கள்

கேள்வி: (√3 + √5)² என்ற கணக்குக்கு என் மகள் 8 என்று விடை எழுதினாள். தவறு என்று திருத்தி வந்திருக்கிறது. வர்க்கமூலத்தை வர்க்கம் செய்தால் உள்ளே இருக்கும் எண்தானே வரும்? 3, 5 இரண்டையும் கூட்டினால் 8 தானே ஐயா?
– ஒரு வாசகி

பதில்: பாதிக் கணக்கை உங்கள் மகள் சரியாகவே போட்டிருக்கிறாள் அம்மா. √3-இன் வர்க்கம் 3, √5-இன் வர்க்கம் 5. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே வர்க்கம் செய்ய வேண்டியது இரண்டும் சேர்ந்த தொகையை.

நான் வகுப்பில் இதை முதலில் தசமத்தில்தான் போடச் சொல்வேன். √3 ஏறத்தாழ 1.732, √5 ஏறத்தாழ 2.236. கூட்டினால் 3.968. அது கிட்டத்தட்ட 4. அப்படியென்றால் வர்க்கம் 16-க்குப் பக்கத்தில் வர வேண்டாமா? 8 எங்கே, 16 எங்கே!

சரி, மீதி எங்கே போயிற்று? மகளை ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். மேல்பக்கத்தை √3, √5 என்று பிரித்து, இடப்பக்கத்தையும் அதே வரிசையில் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடட்டும். நான்கு கட்டங்கள் கிடைக்கும். ஒரு மூலையில் பரப்பளவு 3 உள்ள சதுரம், எதிர்மூலையில் 5 உள்ள சதுரம். அவள் கூட்டியது இவற்றை மட்டும்தான். மற்ற இரு மூலைகளிலும் √3 அகலம், √5 நீளம் என்று இரண்டு செவ்வகங்கள் எண்ணப்படாமல் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் √15. ஆக விடை 8 + 2√15. 2√15 ஏறத்தாழ 7.746 என்பதால் மொத்தம் 15.746. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இப்படிச் சதுரத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். (a + b)² = a² + 2ab + b² என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் பிள்ளைகள் இந்தப் படத்தை ஒரு தடவையாவது தங்கள் கையால் வரைய வேண்டும் என்பேன்.

அப்புறம் (2√3 − √5)² கொடுத்துப் பாருங்கள். பலரும் 2√3-இன் வர்க்கத்தை 6 என்று எழுதிவிடுவார்கள். வெளியே நிற்கும் 2-க்கும் வர்க்கம் உண்டு; 4 × 3 = 12. நடு உறுப்பு 2 × 2√3 × √5, அதாவது 4√15. விடை 17 − 4√15. அதோடு நிறுத்திவிட வேண்டும். 17-இல் 4-ஐக் கழித்து 13√15 என்று எழுதக் கூடாது; வர்க்கமூலம் ஒட்டிய எண்ணும் ஒட்டாத எண்ணும் ஒன்றோடொன்று சேராது.

கடைசியாக எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: (√2 + √8)². 2 + 8 + 2√16. விடை 18, வர்க்கமூலமே இல்லை! ஏன் அப்படி வந்தது என்று மகளையே கேளுங்கள். √8-ஐ 2√2 என்று எழுதிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.